இருபது எழுத்திலே ஒரு மருந்து

இலக்கணம் கற்பதனாற் பயன் யாது என்று வினவுவார் இக்காலத்துப் பலர். மாணவர் வினவுகின்றனர், பெற்றோர் வினவுகின்றனர், சிலபோது ஆசிரியர்களே வினவுகின்றனர். அவர்க்கு யான் கூறும் விடை ஆளுக்கேற்ப வேறுபடும். அண்மையில் எனக்குப் புதிய விடையொன்று கிடைத்தது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அறிஞர் நால்வர் ஓர் இலக்கணம் வகுத்தனர். அஃது எந்த மக்களும் பேசும் மொழிக்குரியதன்று. தவளை, பூச்சி, மனிதன் முதலிய உயிர்கள் நோய்க்கிருமிகளைக் கொல்லுதற்குத் தம் உடலில் ஆக்கிக்கொள்ளும் சிறு புரதத் துண்டுகளுக்கு உரியது. அவ்விலக்கணப்படி புதியனவாக யாத்த துண்டுகளுள் ஏறத்தாழப் பாதி, கிருமிகளைக் கொன்றன. அதே எழுத்துக்களை இலக்கணம் பிறழ அடுக்கியபோது கொல்லும் ஆற்றல் ஏறக்குறைய முற்றாக ஒழிந்தது.

இச்செய்தியை முதலில் எனக்குக் கூறியவர் என்னிடம் நன்னூல் கற்றுப் பின்னர் உயிரிரசாயனம் பயிலச் சென்ற ஒரு மாணவர். "ஐயா, நீங்கள் படிப்பித்த தொடையிலக்கணம் எங்கள் ஆய்வுகூடத்திலும் இருக்கின்றது" என்றார். சொன்னதோடு நில்லாது சில கட்டுரைகளையும் தந்து சென்றார். அவற்றையும் அவற்றின் வழியாகத் தேடிப் பெற்ற பிறவற்றையும் கற்றுத் தெளிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். விஞ்ஞான ஆசிரியர்களுக்கு இவற்றுட் சில பழஞ்செய்தியாதல் கூடும். தமிழாசிரியரை முன்னிறுத்தி எழுதுதலின் அவர்கள் பொறுத்தருள்க.

புதிய மருந்து எதற்கு என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1945இல் நோபெற் பரிசு பெற்றபோது அவர் ஆற்றிய உரையின் இறுதியில் ஒரு கற்பனைக் கதை வருகின்றது. தொண்டை நோவுற்ற ஒருவன் தானே பெனிசிலின் வாங்கி உட்கொள்கின்றான். உட்கொண்ட அளவு கிருமிகளைக் கொல்லப் போதாது; மருந்தை எதிர்க்க அவற்றுக்குக் கற்பிக்க மட்டும் போதும். பின் அக்கிருமி அவன் மனைவியைப் பற்றுகின்றது. அவளுக்குப் பெனிசிலின் பயன்படவில்லை, அவள் இறக்கின்றாள். கற்பித்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையே பிளெமிங் அவ்விடத்தில் ஆண்டிருக்கின்றார். ஆசிரியத் தொழில் செய்வோர் நெஞ்சில் அச்சொல் தைக்கும். அரைகுறையாகக் கற்பித்தால் நம் மாணவர் ஒன்றும் அறியாது போவர். கிருமிகளோ அரைகுறைப் பாடத்திலேதான் முழுவதையும் கற்றுக்கொள்கின்றன.

அவை கற்ற விரைவும் பெரிது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் பற்றீரியாவில் உண்டென்பது 1940இலேயே, அம்மருந்து மக்களிடையே பரவுமுன்னரே, அறியப்பட்டுவிட்டது. அந்நொதியத்துக்கு அகப்படாதவாறு ஆக்கப்பட்ட மெதிசிலின் வழக்குக்கு வந்து ஈராண்டு கழியுமுன்னரே, 1961இல், அதனையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் வந்த மருந்துகளின் வரலாறும் பெரும்பாலும் இதுவே. 2019ஆம் ஆண்டில், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களே நேர்க்காரணமாக உலகில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் என 2022இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்த கணக்கு கூறுகின்றது.

இனி அவ்விருபது எழுத்துக்களைக் காண்போம்.

நம் மொழிக்கு முதலெழுத்து முப்பது. புரதங்களின் மொழிக்கு எழுத்து இருபது. அமினோ அமிலங்களே அவ்வெழுத்துக்கள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நெடுங்கோவை புரதம், குறுங்கோவை பெப்ரைட்டு. மெய்யெழுத்துக்களை நாம் வல்லினம், மெல்லினம், இடையினம் என வகுத்தாற்போல இவ்விருபதையும் அவற்றின் இயல்பு நோக்கி இனம் இனமாக வகுப்பர். இலைசீன், ஆர்ஜினீன் என்பன நேர்மின்னேற்றம் உடையன. சில மறையேற்றம் உடையன. லியூசீன், வலீன் முதலியன நீரை வெறுத்துக் கொழுப்பை நாடுவன. ஏனையவற்றுட் பல நீரை விரும்புவன. இவ்வினப்பாகுபாடு தெரிந்தால் மேலே கூறப்போவனவற்றுக்கு அதுவே போதும்.

இவ்வெழுத்துக்களால் இயற்கை எழுதிவைத்த கிருமிக்கொல்லிகளை முதலிற் படித்தறிந்தோருள் ஒருவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் ஹான்ஸ் போமன். அவரை ஆட்கொண்ட வினா எளியது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் உள்ளவை போன்ற பிறபொருளெதிரிகள் பூச்சிகளுக்கு இல்லை. இருந்தும் அழுக்கிலும் அழுகலிலும் வாழும் பூச்சியினம் அழியாதிருப்பது எவ்வாறு? அவர் செக்குரோப்பியா என்னும் பெரிய பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவை எடுத்து, அதனுள் உயிருள்ள பற்றீரியாக்களைச் செலுத்தினார். புழுவின் குருதியில் அதற்குமுன் இல்லாத கொல்லிகள் தோன்றின. அவற்றைப் பிரித்தெடுத்து எழுத்துமுறையை வாசித்து 1981இல் வெளியிட்டனர் அவரும் அவர் மாணவரும். பூச்சியின் பெயராலேயே அவை செக்குரோப்பின் எனப்பட்டன. செக்குரோப்பின் ஏ என்பது முப்பத்தேழு எழுத்துக்களால் ஆயது.

அடுத்தது தவளையின் கதை. தவளையைப் பற்றி நம் வழக்குகள் நல்லன கூறுவதில்லை. அறிவு குறுகியவனைக் கிணற்றுத் தவளை என்கின்றோம். வீண்பேச்சுக்காரனுக்கும் அதனையே உவமை காட்டுகின்றோம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வு செய்த மைக்கேல் சாஸ்லொவ் தவளையை வேறு கண்ணோடு நோக்கினார். ஆபிரிக்க நகத்தவளையின் முட்டைகள் அவர் ஆய்வுக்கு வேண்டியிருந்தன. தவளையின் வயிற்றைக் கீறி முட்டையை எடுப்பார், தைப்பார், மீண்டும் தொட்டியிலே விடுவார். தொட்டி நீர் கிருமிகள் மலிந்த நீர். ஆயினும் புண்கள் சீழ்கொள்ளாமலே ஆறின. அவருக்கு முன்னும் பலர் இவ்வாறு கீறித் தைத்துத் தவளைகளை நீரில் விட்டவர்களே; அவர்களும் இதனைக் கண்டிருப்பர். கண்டது வேறு, கருதியது வேறு. சாஸ்லொவ் கருதினார். அத்தவளையின் தோலிலிருந்து இருபத்துமூன்று எழுத்துடைய இரு பெப்ரைட்டுக்களைப் பிரித்து 1987இல் வெளியிட்டார். கேடயம் எனப் பொருள்படும் ஹீபுரூச் சொல்லினின்று அவற்றுக்கு மகெய்னின் எனக் காரணப்பெயரும் இட்டார்.

மனிதன் மட்டும் இக்காவலின்றிப் பிறந்தானல்லன். நம் வெண்குருதிக் கலங்களில் டிபென்சின் என்னும் பெப்ரைட்டுக்கள் உள்ளன என்பது 1985இல் அறியப்பட்டது. தோலிலும் குருதியிலும் முப்பத்தேழெழுத்துப் பெப்ரைட்டு வேறொன்றும் உண்டு. இதனை வாசிப்பவர் உடலில் இப்பொழுதும் அவை தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கின்றன. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இவை கிருமியை எவ்வாறு கொல்கின்றன? பற்றீரியாவின் மேற்பரப்பு மறையேற்றம் மிக்கது. நம் உடற்கலங்களின் மென்சவ்வோ புறத்தே பெரும்பாலும் ஏற்றமற்றது. கொலஸ்திரோலும் கலந்து உறுதிபெற்றது. பெப்ரைட்டில் நேரேற்றமுள்ள எழுத்துக்கள் மிகுதி. ஆதலின் அது நம் கலங்களை விட்டுக் கிருமியையே நாடிச் செல்லும். நீரிலே தளர்ந்த நூல்போலக் கிடக்கும் மகெய்னின், கிருமியின் மென்சவ்வைத் தொட்டவுடன் சுருண்டு சுருளாகின்றது. சுருளின் ஒருபுறம் நேரேற்ற எழுத்துக்கள். மறுபுறம் நீரை வெறுக்கும் எழுத்துக்கள். முன்னவை மென்சவ்வின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள, பின்னவை அதன் கொழுப்பினுள்ளே புதைகின்றன. பல சேர்ந்து புதைந்தவிடத்து மென்சவ்வு துளைபடுகின்றது. உள்ளிருப்பன ஒழுகக் கிருமி மடிகின்றது.

என் மாணவர் தொடையிலக்கணம் என்றது இவ்விடத்திற்றான் விளங்கும். சுருளின் ஒரு சுற்றுக்கு 3.6 எழுத்துக்கள். ஆதலின் முதலெழுத்து நோக்கும் பக்கத்தையே, ஏறத்தாழ, நான்காம் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும் எட்டாம் எழுத்தும் நோக்கும். ஒருபுறம் முழுவதும் ஓரினமாக அமைய வேண்டுமாயின் இவ்விடங்களில் ஓரின எழுத்தே வருதல் வேண்டும். அளவடியின் முதற்சீரும் நான்காஞ் சீரும் ஒன்ற, இடையிரண்டும் ஒன்றாதொழியத் தொடுப்பதை ஒரூஉத்தொடை என்கின்றோம் அல்லவா? அதனைப் போன்றதே இது. தாளில் எழுதிய வரிசையைப் பார்ப்பவனுக்கு எழுத்துக்கள் சிதறிக் கிடப்பனபோலத் தோன்றும். சுருட்டிப் பார்ப்பவனுக்கே ஒழுங்கு புலப்படும். பாட்டை ஓசையோடு படித்தாலன்றித் தொடை செவிக்கு எட்டாமையும் இதுவே.

இயற்கையின் வரிசையைப் படித்த பின் தாமே எழுத விரும்புதல் மனித இயல்பு. எழுதுவதற்குக் கருவியும் முன்னரே ஆயத்தமாயிருந்தது. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும் முறையை நியூயோர்க் நகரில் புருஸ் மெரிபீல்ட் 1963இல் வெளியிட்டார். 1984இல் அதற்காக நோபெற் பரிசும் பெற்றார். மெரிபீல்டும் போமனும் கூடிச் செய்த ஆய்வுகள் இரண்டை ஈண்டுக் குறித்தல் தகும்.

முதலாவது 1989இல் நிகழ்ந்தது. தேனீயின் நஞ்சில் மெலிற்றின் என இருபத்தாறெழுத்துப் பெப்ரைட்டு ஒன்றுண்டு. அது கிருமியையும் கொல்லும். நம் செங்குருதிக் கலங்களையும் சிதைக்கும். பகைவன் இவன், உறவினன் இவன் என அறியாத வீரம் அது. செக்குரோப்பினின் முற்பகுதியோடு மெலிற்றினின் முற்பகுதியை ஒட்டினர். ஒட்டிய பெப்ரைட்டு மெலிற்றினின் வலிமையைப் பெற்றது. செங்குருதிக் கலங்களை அழிக்கும் தீமையை விட்டது. இரு புலவர் பாட்டுக்களின் முதலடிகளை ஒட்டினால் நல்ல பாட்டாகும் என்று யான் ஒருபோதும் ஒப்பேன். பெப்ரைட்டில் அஃது ஆயிற்று.

இரண்டாவது 1990இல். ஒன்றையொழிந்த அமினோ அமிலங்கள் யாவற்றுக்கும் வலக்கைக்கு இடக்கைபோல ஒரு கண்ணாடி உருவம் உண்டு. உயிர்கள் தம் புரதங்களில் ஒரு கையையே ஆள்கின்றன. மெரிபீல்ட் குழுவினர் எல்லா எழுத்தையும் மறுகையாக மாற்றிச் செக்குரோப்பினையும் மகெய்னினையும் மெலிற்றினையும் ஆக்கினர். பூட்டுக்குத் திறவுகோல்போல ஒரு குறித்த உறுப்பிலே பொருந்தித்தான் இவை வேலை செய்கின்றன என்றால் மறுகை உருவங்கள் பயனற்றுப்போதல் வேண்டும். அவை முன்போலவே கிருமியைக் கொன்றன. ஆகவே இவை தாக்குவது ஒரு பூட்டையன்று, சுவரையே என்பது தெளிவாயிற்று. வேறொரு நன்மையும் உண்டு. நம் உடலிலுள்ள திரிப்சின் முதலிய நொதியங்கள் இலைசீனும் ஆர்ஜினீனும் வருமிடங்களில் பெப்ரைட்டை வெட்டிவிடும். நேரேற்றத்துக்காக நாம் மிகுதியாகச் சேர்த்த எழுத்துக்களே வெட்டுவாய்களும் ஆகின்றன. கண்ணாடி எழுத்தை அந்நொதியங்களால் வெட்ட இயலாது.

இங்ஙனம் ஒட்டியும் மாற்றியும் எத்துணைக் காலம் எழுதுவது? இருபது எழுத்துக்களால் இருபதிடமுள்ள கோவைகளை எத்தனை வகையாகக் கோக்கலாம் என்று கணக்கிடின், 1 என்னும் இலக்கத்தின் பின் 26 சுழியங்கள் இட்ட தொகையை ஒட்டி வரும். அத்தனையையும் ஆக்கிப் பார்த்தல் எவர்க்கும் இயலாது. தேர்வதற்கு வழி வேண்டும். அவ்வழியை நாடியவர்களே முதலிற் குறித்த நால்வர்: மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக் கிறிஸ்தோபர் லூஸ், கைல் ஜென்சன், கிரெகரி ஸ்டெபனோபௌலஸ் என்போரும், ஐ.பி.எம். ஆய்வகத்து இசிதோர் ரிகூற்சஸும்.

இலக்கியத்தினின்றே இலக்கணம் எடுக்கப்படும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. இந்நால்வரும் அந்நெறியே பற்றினர். இயற்கையிற் கண்ட 500க்கு மேற்பட்ட கிருமிக்கொல்லிப் பெப்ரைட்டுக்களை இலக்கியமாகக் கொண்டனர். அவற்றுள் மீண்டும் மீண்டும் வரும் அமைப்புக்களைக் கணினியால் தேடி ஏறத்தாழ 700 சூத்திரங்கள் வகுத்தனர். இன்ன எழுத்தின்பின் ஏதேனும் ஓரெழுத்து, அதன்பின் இவ்விரண்டில் ஒன்று, அதன்பின் இன்னது என்றாற்போல்வன அச்சூத்திரங்கள். அவற்றுக்கு இணங்க, இயற்கையில் இல்லாத இருபதெழுத்துக் கோவைகளை யாத்து, நாற்பது வரையின ஆக்கிச் சோதித்தனர்.

சோதனையின் நுட்பம் யான் மிக மெச்சுவது. ஒவ்வொரு கோவைக்கும் எதிராக, அதே எழுத்துக்களை அதே தொகையிற் கொண்டு, சூத்திரம் எதற்கும் இணங்காதவாறு குலைத்த வேறொரு கோவையும் ஆக்கினர். இரண்டிலும் மின்னேற்றம் ஒன்றே; நீர்வெறுப்பும் ஒன்றே; நிறையும் ஒன்றே. வேறுபாடு வரிசை ஒன்றிற்றான். 'தாமரை' என்பதிலுள்ள மூன்றெழுத்தையும் குலைத்து 'ரைமதா' என்றெழுதின் எழுத்தில் யாதும் குறையவில்லை, சொல் செத்தது. மொழிக்கு முதலாகாத ரகரம் முதலில் நிற்பதைக் கண்டே சிறுவனும் அது தமிழன்று என்பான். பெப்ரைட்டும் அவ்வாறே ஆயிற்று. இலக்கணத்துக்கு இயைந்தவற்றில் ஏறத்தாழப் பாதி கிருமியைத் தடுத்தன. குலைத்தவற்றுள் தடுத்தன மிகச் சிலவே.

மற்றைப் பாதி ஏன் தவறின என்று கேட்பார்க்கு, யாப்பிலக்கணம் கற்றுச் செய்யுள் இயற்றும் மாணவர் கட்டுரைப் புத்தகங்களைக் காட்டலாம். தளை தட்டாத வெண்பாக்கள் எத்தனையோ! உயிருள்ளன எத்தனை?

அதன்பின் வந்த கணினிகள் சூத்திரம் வகுப்பதையும் கைவிட்டன. பல்லாயிரம் பெப்ரைட்டுக்களைப் படித்துத் தாமே பழகிக்கொண்டு புதியன எழுதுகின்றன. எவ்விதிப்படி எழுதினை என்று கேட்டால் அவை விடை கூறா. இலக்கண ஆசிரியனாகிய எனக்கு இஃது அத்துணை உவப்பாகவில்லை. எனினும் தாய்மொழி பயிலும் குழந்தையும் விதி கூறியா பேசுகின்றது? பயனைப் பார்க்கும்போது குறைகூற வாயில்லை. 2021இல் ஐ.பி.எம். ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையின்படி, கணினி எழுதித் தந்த இருபது கோவைகள் 48 நாளில் தெரிந்தெடுத்து ஆக்கிச் சோதிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு வலியனவாக நின்றன. 2024இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துச் சேசர் தெ லா புவென்தேயும் பல நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து, மண், கடல், மனிதக் குடல் முதலிய இடங்களில் வாழும் நுண்ணுயிர்களின் பரம்பரைச் செய்திகளைக் கணினியால் துருவி, 8 இலட்சத்து 63 ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவைகள் கிருமிக்கொல்லிகளாதல் கூடும் எனக் கண்டனர். நூறு கோவைகளைத் தெரிந்து ஆக்கினர். 79 வேலை செய்தன.

அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தார் அழிந்தொழிந்த விலங்குகளின் புரதங்களையும் துருவினர். கம்பளிமயிர் போர்த்த பண்டை யானையாகிய மமதத்தின் புரதத்துள் மறைந்து கிடந்த ஒரு துண்டை ஆக்கி, நோயூட்டப்பட்ட எலிகளுக்குக் கொடுக்க, நோய் தணிந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்னும் பழமொழியைச் சொன்னவர் இதனைக் கனவிலும் கண்டிரார்.

இத்துணை வெற்றிகள் இருப்பவும் இவை மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தனவா என்றால், விடை மகிழ்ச்சி தருவதன்று. இன்று வைத்தியர் கையாளும் பெப்ரைட்டு மருந்துகள் பெரும்பாலும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தந்தவை. மகெய்னினைத் திருத்திப் பெக்சிகனன் என்னும் இருபத்திரண்டெழுத்துப் பெப்ரைட்டை ஆக்கினர். நீரிழிவுடையோர் காற்புண்ணுக்குப் பூசும் மருந்தாக அதனைக் கொணர முயன்றனர். 1999இல் அமெரிக்க அரசின் மருந்து அதிகாரசபை அதற்கு இசையவில்லை. மீண்டும் பெருமுயற்சியுடன் நடத்திய சோதனைகளிலும் அது மருந்தில்லாப் பூச்சைக் காட்டிலும் சிறந்ததென 2016இல் நிறுவப்படவில்லை. கண்ணாடிக் குழாயில் வெல்வது வேறு. உப்பும் நொதியமும் சீழும் கலந்த புண்ணில் வெல்வது வேறு. அரங்கேற்றம் அவையில் நிகழ வேண்டும். வீட்டில் நிகழ்ந்தாற் போதாது.

இவையெல்லாம் முயற்சியால் தீரக்கூடிய இடர்கள். தீர்வதால் வரக்கூடிய இடரொன்றும் உண்டு. யான் இக்கட்டுரை எழுதத் துணிந்ததே அதன்பொருட்டு.

பெப்ரைட்டுக்களைப் பற்றீரியா எதிர்க்கக் கற்றுக்கொள்ளாது என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு நொதியத்தை மாற்றுதல் எளிது. உடலின் சுவர் முழுவதையும் மாற்றுதல் அரிது. பல கோடி ஆண்டுகளாக உயிர்கள் இவற்றை ஆண்டும் இவை மழுங்கவில்லை. எதிர்ப்பு எழுதல் அரிதினும் அரிது என 2002இல் சாஸ்லொவ் எழுதினார். கனடாவில் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகாம் பெல் இதனை மறுத்தார். கிருமி எதனையும் கற்கும் என்றார். ஒருவரையொருவர் பந்தயத்துக்கு அழைத்தனர். சோதனை பெல்லின் ஆய்வுகூடத்தில் நடந்தது. பெக்சிகனனே சோதனைக்கு எடுக்கப்பட்டது. அதன் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பற்றீரியாக்களை வளர்த்தனர். 600 முதல் 700 தலைமுறைகளுக்குள் ஏறத்தாழ எல்லாக் கால்வழிகளும் எதிர்க்கக் கற்றுவிட்டன. பற்றீரியாவுக்குத் தலைமுறை என்பது நாழிகைக் கணக்கு. அம்முடிவு வெளிவந்த ஆண்டும் 2006. இலக்கணம் வெளிவந்த ஆண்டும் அதுவே. கட்டுரையில் தோற்றவராகிய சாஸ்லொவின் பெயரும் ஆசிரியருள் ஒன்றாக நிற்கின்றது. தம் கொள்கைக்கு மாறான உண்மையின் கீழே கையொப்பமிடும் புலமை எத்துறையிலும் போற்றற்குரியது. நம் இலக்கியப் பூசல்களிலே யான் அதனைக் கண்டது அரிது.

பெல் எழுப்பிய ஐயம் இதனினும் ஆழமானது. பெனிசிலின் நம் உடலுக்குப் புறம்பானது. அதனைக் கிருமி வென்றால் ஒரு மருந்தை இழக்கின்றோம்; அவ்வளவே. பெப்ரைட்டோ நம் உடலே ஆள்கின்ற படைக்கலத்தின் இனம். அதனை மருந்தாகப் பெருக்கி, அதனை வெல்லவும் கிருமிக்குக் கற்பித்துவிட்டால், நம் உடலின் சொந்தப் படைக்கலத்தையும் அக்கிருமி வெல்லாதா? மேலே நினைவில் வைக்குமாறு கூறிய டிபென்சின் ஈண்டு வருகின்றது. பெக்சிகனனை எதிர்க்கக் கற்ற ஸ்டபிலோகொக்கசுப் பற்றீரியா மனித டிபென்சினையும் ஓரளவு எதிர்த்ததை 2012இல் இங்கிலாந்து ஆய்வாளர் இருவர் காட்டினர்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே உலகம் இதனைத் தன்னையறியாமலே செய்து பார்த்தது. கொலிஸ்ரின் என்பது மண்ணுயிரொன்று தந்த பெப்ரைட்டு மருந்து, நேரேற்றம் உடையது. 1950களில் வழக்குக்கு வந்து, சிறுநீரகத்தைத் தாக்குவதால் பின்னர் ஒதுக்கப்பட்டது. பிற மருந்துகள் தோற்றபின் கடைசிப் புகலாக மீண்டும் எடுத்தாளப்பட்டது. ஆயின் அவ்விடைக்காலம் முழுவதும் பன்றிகளும் கோழிகளும் கொழுக்க வேண்டும் என்பதற்காகப் பல நாடுகளில் அது தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. 2015இல் சீன ஆய்வாளர், கொலிஸ்ரினை எதிர்க்கும் பரம்பரையலகு ஒன்றைப் பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளரிலும் கண்டனர். ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்லது அது. அது செய்யும் வேலை யாதெனின், கிருமியின் மேற்பரப்பிலுள்ள மறையேற்றத்தைக் குறைத்தல். நேரேற்றப் பெப்ரைட்டைத் தன்பால் இழுத்த அடையாளத்தையே அது அழித்துக்கொள்கின்றது. 2023இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் சோதித்தபோது, இப்பரம்பரையலகைப் பெற்ற கிருமி கொலிஸ்ரினை மட்டுமன்றி, பன்றி, கோழி, மனிதன் ஆகியோரின் உடலிலுள்ள பெப்ரைட்டுக்களையும் முன்னினும் மிகுதியாகத் தாங்கி நின்றது. பிளெமிங் கதையில் வந்தவன் தன் தொண்டை நோவுக்காகவேனும் மருந்துண்டான். இங்கே நோயே இல்லாத பன்றிக்கு ஊட்டிய மருந்து மனிதனின் உயிர்க்காவலைத் துளைக்கக் கிருமிக்குப் பாடமாயிற்று.

2017இல் சீனமும் 2019இல் இந்தியாவும் கால்நடைத் தீவனத்தில் இதனைத் தடுத்தன. தடையின்பின் சீனத்தில் அக்கிருமிகள் குறைந்தன என்பதும் பதிவாகியுள்ளது. படித்ததைக் கிருமியும் மறக்கும். எதிர்ப்பைச் சுமந்து திரிவது அதற்கும் பளுவாகலின்.

ஆதலின் இனி யாக்கப்படும் பெப்ரைட்டுக்களை இரு தேர்வுகளோடு விடலாகாது என்கின்றனர் இத்துறையோர். கிருமியைக் கொல்கின்றதா, செங்குருதிக் கலத்தைக் காக்கின்றதா என்பவற்றோடு, கிருமி இதனை எளிதிற் கற்குமா, கற்றால் நம் உடலின் பெப்ரைட்டுக்களுக்கும் அடங்காது போகுமா என்பனவும் யாக்கும்போதே பார்க்கப்படல் வேண்டும். அதற்கு இடமுண்டு என்பதை ஹங்கேரி நாட்டுச் செகெட் நகர ஆய்வாளர் 2019இல் காட்டினர். பல பெப்ரைட்டுக்களை ஒருங்கு வைத்துப் பற்றீரியாக்களை நெடுநாள் பழக்கியதில், சிலவற்றை அவை விரைந்து வென்றன. சிலவற்றிடம் ஏறக்குறையத் தோற்றே நின்றன. எளிதில் அடங்காதவற்றுள் ஒன்று தக்கிபிளெசின். அது குதிரைலாட நண்டின் குருதியில் உள்ள இனம். பெயரளவில் நண்டாயினும் சிலந்திக்கே நெருங்கிய உறவுடையது அவ்வுயிர். அப்பெப்ரைட்டுக்குப் பதினேழே எழுத்துக்கள். சுருளாகாது, கொண்டையூசிபோல மடிந்து, இரு கந்தகப் பிணைப்புக்களால் இறுகி நிற்பது. அதன் எழுத்துக்களுள் எதனை மாற்றினால் நம் கலங்களுக்குத் தீங்கு குறையும், எதனை மாற்றினால் கிருமிக்குப் பாடம் எளிதாகிவிடும் என்று ஆராய்வோர் ஒவ்வோரெழுத்தாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.